முதுகிலும் கண்ணாடி பதித்த உடுப்பு: வெள்ளவத்தையில் முதன்முதலாகப் பார்த்த வடமோடிக் கூத்து

நான் தையல்காரன். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில் 22 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். சாரி பிளவுஸ்தான் அன்றாட வேலை. அதோடு பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்கு உடுப்பும் தைப்பேன். தைத்துக் கொடுத்தால் டீச்சர்மார் அழைப்பிதழும் தருவார்கள், நானும் போவேன். அப்படிப் பார்த்த அரங்கேற்றங்களுக்குக் கணக்கில்லை. கூத்து மட்டும் 48 வயதுவரை பார்த்ததே இல்லை. சின்ன வயதில் ஊரில் விடிய விடியக் காத்தவராயன் கூத்துப் பார்த்ததை அம்மா சொல்லுவா. கேட்டதோடு சரி.

போன சனிக்கிழமை பார்த்துவிட்டேன். மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு குழு, இங்கே ஒரு மண்டபத்தில் ஆடிய வடமோடிக் கூத்து. மட்டக்களப்புக் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. டிக்கட் 1000 ரூபாய், முன் மூன்று வரிசைக்கு 2000. எனக்கும் 12 வயது மகளுக்குமாக 1000 ரூபாய் டிக்கட் இரண்டு வாங்கினேன். காசு கொடுத்துத்தான் போனேன் என்று முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. அன்று ஆடிய உடுப்புகளில் ஒன்றை மத்தியானம் என் கடையில்தான் திருத்தினேன். உண்மையில் அந்த உடுப்புத்தான் என்னைக் கூத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்து மெஷினில் குந்தினேன், மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் எழுபதைத் தாண்டியவர், வேட்டி, தோளில் துவாய். மற்ற இருவரும் இளைஞர்கள். இரண்டு பேருமாகத் தூக்கிவந்த மூட்டையை விரித்ததும் கடையில் நிற்க இடமில்லாமல் போனது.

"தம்பி, இடுப்புப் பட்டி விட்டுப்போச்சு. ஆறு மணிக்குக் கூத்து. தெச்சித் தருவீங்களா?" என்றார் பெரியவர். அவர்தான் அண்ணாவியார். கூத்தைப் பழக்குகிறவரும் அவர், மத்தளம் அடித்து ஆட்டத்தை நடத்துகிறவரும் அவர்.

அந்த உடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கரப்புடுப்பு என்று அதற்குப் பெயர். வாவியில் ஆழமில்லாத இடத்தில் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற கூடைக்கு மட்டக்களப்பில் கரப்பு என்பார்கள். கோழிக்குஞ்சு மூடுகிற கூடையும் கரப்புத்தான். உடுப்பும் அந்த வடிவம். உள்ளே மூன்று பிரம்பு வளையங்கள், மேலே சின்னது, கீழே போகப் போகப் பெரிது. அவற்றை இடுப்புப் பட்டியிலிருந்து கயிறுகள் தாங்குகின்றன. மேலே சிவப்புச் சாட்டின் துணி, அதில் ஜரிகைப் பட்டிகள், மணிகள், நகம் அளவு வெட்டிய கண்ணாடித் துண்டுகள். அடி வளையத்தைச் சுற்றி என் நாடாவைப் பிடித்தேன்: 118 அங்குலம். தூக்கிப் பார்த்தபோது ஐந்தாறு கிலோவாவது இருக்கும் போலிருந்தது. மேலுடுப்பும், தோளில் கட்டுகிற புஜகிரீடமும், மரத்தில் செய்த முடியும் வேறு.

பட்டியைப் புரட்டிப் பார்த்தேன். எத்தனையோ கைகள் அதைத் தைத்திருக்கின்றன. வெள்ளை நூல், கறுப்பு நூல், ஓரிடத்தில் மீன் பிடிக்கிற தங்கூசி. நூல் எதுவும் அறவில்லை. துணிதான் உக்கிக் கிழிந்திருந்தது. அதற்குமேல் மறுபடி தைத்துப் பயனில்லை என்று சொல்லி, பழைய பட்டியை எடுத்துவிட்டு, இரண்டு மடிப்புக் கன்வஸின் நடுவே பயணப் பைகளுக்குப் போடுகிற நைலோன் பட்டியை வைத்து, கயிறு வருகிற ஒவ்வோர் இடத்திலும் பெட்டித் தையல் போட்டேன்.

தைத்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், உடுப்பின் பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருக்கிறது. அதே கண்ணாடி, அதே ஜரிகை, அதே அளவு வேலை. நான் தைக்கிற பரத உடுப்பில் முன் விசிறி மடிப்புக்குத்தான் நல்ல பட்டும் பெரிய போர்டரும். பின்னால் சிக்கனமாக வெட்டுவோம். மேடையில் பிள்ளை முதுகு காட்டி நிற்கிற நேரம் மிகக் குறைவு.

"ஐயா, பின்பக்கமும் ஏன் இவ்வளவு வேலை?" என்று கேட்டேன்.

"சுத்திவர ஆக்கள் இருப்பாங்க தம்பி. களரியில முன் எது, பின் எது?"

ஊரில் கூத்து ஆடுவது வட்டக்களரியில். வெளியில் மண்ணை உயர்த்தி, சுற்றிக் கம்பு நட்டு, மேலே வெள்ளை கட்டி, விளக்கு வைத்து அமைக்கிற வட்டமான இடம். மத்தளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் நடுவில் நிற்க, ஆடுகிறவர் அவர்களைச் சுற்றி ஆடுவார். சனம் நாலு பக்கமும் பாய் விரித்து இருக்கும். அதனால்தான் அவர்களுடைய உடுப்புக்குப் பின்பக்கம் என்று ஒன்று இல்லை. கூலி 800 ரூபாய் சொன்னேன். 1000 தந்துவிட்டு மிச்சம் வேண்டாம் என்றார் அண்ணாவியார். அவர்கள் போனதும் கடையைப் பூட்டிக்கொண்டு டிக்கட் எடுக்கப் போனேன்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மணி என்று டிக்கட்டில் இருந்தது. ஆறு இருபத்தைந்துக்கு விளக்கேற்றினார்கள். அதற்குப் பிறகு வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை என்று ஏழு மணி தாண்டியும் போனது. ஊரில் பல மாதம் இரவிரவாகப் பழகிய கூத்து இது. 300 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் கொண்டுவந்து, இரண்டரை மணி நேரமாகச் சுருக்கி ஆடுகிறார்கள். அந்தக் கொஞ்ச நேரத்திலும் முக்கால் மணியைப் பேச்சு எடுத்துக்கொண்டது எனக்கு மனவருத்தம். உடுப்புக் கட்டி முடித்தவர்கள் திரைக்குப் பின்னால் அந்தப் பாரத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். கரப்புக் கட்டினால் கதிரையில் இருக்க முடியாது. அதை மத்தியானம் தொட்டுப் பார்த்தவன் என்பதால் ஒவ்வொரு பேச்சாளர் எழும்பும்போதும் எனக்கு அந்தப் பிள்ளைகளின் இடுப்புத்தான் நினைவுக்கு வந்தது.

இரண்டாவது குறை ஒலி. மேடையில் வரிசையாக மைக் வைத்து, மத்தளத்துக்கும் ஒன்று கிட்டப் பிடித்திருந்தார்கள். சின்ன மண்டபம், பெரிய ஸ்பீக்கர். முதல் இருபது நிமிடம் மத்தளம் இடி போல விழுந்ததில் பாட்டுச் சொல் ஒன்றும் பிடிபடவில்லை. சல்லாரி என்கிற கைத்தாளத்தின் சத்தம் அடியோடு மூழ்கிவிட்டது. பிறகு யாரோ எழும்பிப் போய்ச் சொல்லிக் குறைத்தார்கள்.

மூன்றாவது, கதையைச் சொல்லுகிற ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. எங்களுக்கு முன்னால் இரண்டு சிங்கள நண்பர்கள் வந்திருந்தார்கள், ஆர்வத்தோடு பார்த்தார்கள். மூன்று மொழியிலும் அரைப் பக்கம் அச்சடித்துக் கொடுத்திருக்கலாம். என் மகளுக்கே அது உதவியிருக்கும்.

சரி, கூத்துக்கு வருகிறேன்.

பாரதப் போரின் 13ஆம் நாள் கதை. சக்கரவியூகத்துக்குள் நுழையத் தெரிந்து, வெளியே வரத் தெரியாத அபிமன்யு. வடமோடி பெரும்பாலும் போரில்தான் போய் முடியும் என்று பக்கத்துக் கதிரையில் இருந்தவர் சொன்னார். எண்பதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர். தென்மோடி என்றால் பாட்டும் ஆட்டமும் வேறு, உடுப்பும் இவ்வளவு பாரமில்லை என்றார்.

காப்புப் பாடி முடிந்ததும் முதலில் வந்தவன் கட்டியக்காரன். அரசர் வரப்போகிறார் என்று அறிவிக்கிறவன். அப்புறம் இரண்டு பேர் ஒரு வெள்ளைத் துணியைக் குறுக்கே பிடித்தார்கள். துணிக்குப் பின்னால் சதங்கை மட்டும் கேட்கிறது. முடியின் நுனி மேலே தெரிகிறது. துணி விலகியதும் தருமர். ஒவ்வொருவரும் இப்படித்தான் வருகிறார்கள், வந்ததும் தங்கள் வரவை ஆடிக் காட்டுகிறார்கள். கதை அதுவரை நின்றுகொண்டிருக்கும். "இவர் எப்ப அப்பா பேசுவார்?" என்று மகள் கேட்டாள். மூன்றாவது வரவுக்குள் கேட்பதை விட்டுவிட்டாள், பிடிபட்டுவிட்டது. தருமர் நிதானமாக அடிவைத்து வந்தார். வீமன் வந்தபோது பலகை மேடை அதிர்ந்தது, பூச்சாடி ஆடியது. அவர் வாய் திறக்கும் முன்பே அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிட்டது.

ஆடுகிறவரே பாடவும் வேண்டும். அவர் ஓர் அடி பாட, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுகிறார்கள். அந்த நேரத்தில் இவர் ஆடுகிறார், மறுபடி பாடுகிறார். தாளக்கட்டு வேகம் கூடும்போது அண்ணாவியார் வாயால் சொற்கட்டைச் சொல்லிக்கொண்டே மத்தளத்தில் அதை அடிக்கிறார், ஆடுகிறவரின் கால் அதையே திருப்பிச் சொல்லுகிறது. பரதம் படிக்கிற மகளுக்கு இது உடனே விளங்கியது. ஆனால் கால் விழுகிற விதம் வேறு என்றாள். பரதத்தில் அரைமண்டியில் உட்கார்ந்து நிலத்துக்குள் இறக்குகிற தட்டு. இங்கே குதித்துக் கிளம்பி, சுழன்று, இடம் பிடிக்கிற கால். முகத்தில் பாவம் அவ்வளவாக இல்லை. எல்லாம் காலிலும் குரலிலும்தான்.

சுபத்திரையாக வந்தவர் ஆண். ஐம்பதுக்கு மேல் வயது, வாவியில் மீன் பிடிக்கிறவர் என்று பிறகு அறிந்தேன். பெண் வேடத்துக்குக் கரப்பு இல்லை, சாரிதான். நடையும் வேறு. தோளையும் இடுப்பையும் மெதுவாக அசைத்து, ஒய்யாரமாக வருகிற நடை. முதல் பார்வையில் பின்னால் யாரோ சிரித்தார்கள். மகன் போருக்கு விடை கேட்கிற இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் மைக்கை விட்டு விலகி மேடையின் ஓரத்துக்கு வந்துவிட்டார். போகாதே என்று பாடும்போது சாரித் தலைப்பால் கண்ணைத் துடைக்கவில்லை. தலைப்பை எடுத்துச் சுட்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றினார், அடுத்த அடிக்கு இன்னொரு சுற்று, அடுத்த அடிக்கு இன்னொன்று. பாட்டு முடிந்தபோது தலைப்பு முழுவதும் விரலில் இறுகியிருந்தது. மகன் காலைத் தொட்டு எழுந்ததும், சுற்றியதை ஒரே இழுவையில் விட்டுவிட்டார். எனக்கு முன்னால் இருந்த அம்மா மூக்கைச் சிந்தினார். நானும் கண்ணைத் துடைத்தேன்.

எட்டு இருபதுக்கு இடைவேளை. வெளியில் உளுந்து வடை சுடச்சுடப் போட்டார்கள், 100 ரூபாய், நல்ல வடை. றோல்ஸ் ஆறிப்போய் இருந்தது, விட்டுவிடலாம். இஞ்சி போட்ட பிளேன்டி அந்த ஏசிக் குளிருக்கு இதமாக இருந்தது.

அந்த இடைவேளையில்தான் அன்றைய கூத்தின் தலைவிதி மாறியது. முதல் பாதியில் துரியோதனனின் கரப்பு, பேச்சாளர்களுக்காக வைத்திருந்த மைக் மேசையில் இரண்டு தரம் உரசியதைப் பார்த்திருந்தேன். ஒரு கரப்பு மூன்றடி அகலம். கையில் வில், தண்டாயுதம். போரில் ஏழு பேர் ஒரே நேரத்தில் ஆட வேண்டும். பூச்சாடியும் குத்துவிளக்கும் மேசையும் வைத்த மேடையில் அதற்கு இடம் எங்கே? அண்ணாவியார் மேடையைக் காலால் அளந்து பார்த்தார். பிறகு ஏற்பாட்டாளர்களிடம் வந்து, போரைக் கீழே ஆடுகிறோம், கதிரைகளை ஒதுக்கித் தாருங்கள் என்றார்.

அவர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். 2000 ரூபாய் கொடுத்து முன்வரிசை எடுத்தவர்கள் சிலருக்குக் கோபம். அது நியாயமான கோபம்தான். இருந்தாலும் சனம் எழும்பிவிட்டது. தாத்தாமாரை முதலில் இருத்திவிட்டு, இளம் பிள்ளைகள் கதிரைகளைத் தூக்கி நாலு சுவரோடும் வட்டமாக அடுக்கினார்கள். பத்து நிமிடத்தில் மண்டபத்தின் நடுவே வெறும் தரை. மத்தளமும் சல்லாரியும் பிற்பாட்டுக்காரரும் நடுவில் வந்து நின்றார்கள். மைக் இல்லை. நானும் மகளும் ஒரு தூணோடு நிலத்தில் குந்தினோம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. மேடையில் பார்த்தது அதன் படம் என்று சொல்லத் தோன்றுகிறது.

முதலில் சத்தம். ஸ்பீக்கர் இல்லாத மத்தளத்தில் வலப்பக்கமும் இடப்பக்கமும் வெவ்வேறாகக் கேட்டன. சல்லாரி கணீரென்று மேலே நின்றது. வெறுங்கால் தரையில் விழுகிற ஓசை, சதங்கை, பிரம்பு வளையம் நெரிகிற சின்னச் சத்தம் எல்லாம் கேட்டன. பவுடரும் வியர்வையும் கலந்த மணம் வந்தது. ஒருவர் சுழன்று போகும்போது முகத்தில் காற்று அடித்தது.

அடுத்தது, உடுப்பு. கடையில் மேசைமேல் கிடந்தபோது அது எனக்கு ஒரு பாரம். ஆளின் இடுப்பில் சுழலும்போது அதற்கென்று ஒரு போக்கு இருக்கிறது. ஆடுகிறவர் சட்டென்று திரும்பினால் கரப்பு உடனே திரும்பாது. அரைத் தாளம் பிந்தி, ஒருபக்கம் சாய்ந்து, பிறகுதான் வரும். வந்து நிற்காமல் கொஞ்சம் அப்பாலும் போகும். அவர் அடுத்த அடியை அந்த வீச்சிலேயே எடுத்துவிடுகிறார். காலும் கரப்பும் ஒன்றையொன்று துரத்துவது போல இருந்தது. பாரமும் ஆட்டத்தோடு சேர்த்தே பழகுகிற ஒன்று. லேசான துணியில் இதைத் தைத்துக் கொடுத்தால் அந்த ஆட்டம் வராது. தையல்காரனாக எனக்கு அன்று கிடைத்த பாடம் இது.

முதுகுக் கண்ணாடிகளும் அப்போதுதான் உயிர் பெற்றன. எங்கள் பக்கம் முதுகு காட்டித் திரும்பியவரின் உடுப்பிலிருந்து வெளிச்சத் துண்டுகள் கூரையிலும் சுவரிலும் ஓடின. எதிர்ப்பக்கம் இருந்த பிள்ளைகளின் முகத்திலும் ஓடின. ஒரு சின்னவன் அவற்றைக் கையால் பிடிக்கப் பார்த்தான். மேடையில் அந்த வெளிச்சமெல்லாம் பின் திரைக்குத்தான் போயிருக்கும்.

அபிமன்யுவாக ஆடிய பிள்ளைக்கு 21 வயது, மேசன் வேலை செய்கிறவர். மத்தியானம் மூட்டை தூக்கிவந்தவர்களில் ஒருவர். ஆறு பேர் வட்டமாக வலம் வர, அவர் எங்கள் தூணுக்குப் பக்கத்து இடைவெளியால் உள்ளே புகுந்தார். இரண்டடி தள்ளித்தான் போனார். கழுத்து நரம்பு தெரிந்தது, நான் தைத்த பட்டி தெரிந்தது. உள்ளே போனதும் எட்டு ஆடத் தொடங்கினார். எட்டு என்று எழுதினால் எப்படி வளையுமோ அப்படித் தரையில் வளைந்து வளைந்து வருகிற ஆட்டம். நாலு பக்கமும் பார்த்துத்தான் ஆட முடியும், ஏனென்றால் நாலு பக்கமும் எதிரி. எதிரிக்கு அப்பால் நாங்கள். அவர் வெளியே போக வழி தேடிப் பார்க்கிற ஒவ்வோர் இடத்திலும் எங்களில் யாரோ ஒருவரின் முகம் இருந்தது. என்னையும் பார்த்தார். வெளியே வரத் தெரியாதவன் என்பது கதையில் ஒரு வரிதான். வட்டத்தில் இருந்து பார்த்தபோது அது எனக்கு நெஞ்சை அடைத்தது.

வில் போனது, வாள் போனது. கடைசியாகத் தேர்ச்சில்லைத் தூக்கினார், பலகையில் வெட்டி நிறம் தீட்டிய சில்லு. அதுவும் போனதும் அடி விழுந்தது. கரப்புக் கட்டியவர் நேராகச் சாய முடியாது. முழங்காலில் இறங்கினார். வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து தரையில் இருந்தன, துணி மட்டும் கொஞ்ச நேரம் அவரைச் சுற்றி எழும்பி நின்று, பிறகு மெதுவாக அடங்கியது. அது அடங்கும்வரை மத்தளம் ஓயாமல் மெல்ல அடித்துக்கொண்டிருந்தது. தலை குனிந்தபடி இருந்தார். பிற்பாட்டுக்காரரில் ஒருவர் வரவுக்குப் பிடித்த அதே வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து தோளில் போர்த்தினார்.

மங்களம் பாடி முடிந்தபோது மணி ஒன்பது ஐம்பது.

பக்கத்து ஆசிரியர் எழும்ப நேரம் எடுத்தார், பேசிக்கொண்டிருந்தோம். 1964இல் பேராதனையில் இராவணேசன் கூத்தைப் பார்த்தவர் அவர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், அதற்கு அடுத்த வருடம் இராவணேசன், 1968இல் வாலிவதை என்று கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்த காலம். விடிய விடிய ஆடுவதைச் சுருக்கி, படச்சட்டம் போன்ற மேடைக்கு ஏற்ப அமைத்தது அப்போதுதான். இராவணேசனில் இராவணனாக ஆடியவர் அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்த சி. மௌனகுரு. "அது நடக்காட்டி எங்களைப் போல ஆக்கள் கூத்தைத் திரும்பிப் பாத்திருக்க மாட்டம் தம்பி" என்றார். அதை நான் மறுக்கவில்லை. கொழும்பில் டிக்கட் போட்டுக் கூத்து நடக்கிறது என்றால் அந்த வழியால்தான் நடக்கிறது. ஆனால் இனிமேல் அழைக்கிறவர்கள் மேடையை விட்டுவிட்டுத் தரையைக் கொடுக்கலாமே. ஒரு பாடசாலை முற்றம் போதும். உடுப்பின் நாலு பக்கமும் வேலை செய்து வைத்திருக்கிறார்கள்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். மேடை நிகழ்ச்சி என்றால் முன்வரிசைக்கு இரட்டைக் காசு கொடுக்க வேண்டாம், பக்கவாட்டில் கால் தெரிகிற இடமாகப் பாருங்கள். கதையை வீட்டில் ஒருமுறை சொல்லிக்கொண்டு போங்கள், பிள்ளைகளுக்குக் கட்டாயம். எட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் வரவுகளின் போதே நித்திரையாகிவிடலாம், தவறில்லை, ஊரிலும் பாயில் நித்திரை கொண்டுதான் பார்ப்பார்களாம். போருக்கு எழுப்பிவிடுங்கள். பாட்டுச் சொல் முழுவதும் விளங்கவில்லை என்று கவலைப்படாதீர்கள். பிற்பாட்டு அதையே திரும்பப் பாடும்போது பாதி வந்துவிடும்.

டிக்கட்டுக்குக் கொடுத்த 2000 ரூபாய் எனக்குக் குறைவாகத்தான் பட்டது.

எல்லாரும் போனபிறகு உடுப்புக் கழற்றுகிற அறைப் பக்கம் போனேன். அபிமன்யு பட்டியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். வியர்வையில் ஊறிப் பாரமாக இருந்தது. தையல் ஒன்றும் அசையவில்லை. "நல்லா இருந்திச்சு அண்ணன், இறுகி நிண்டிச்சு" என்றார். சொல்லிவிட்டு இடுப்பைத் தடவினார். இரண்டு பக்கமும் எலும்பின்மேல் தோல் சிவந்து உரஞ்சியிருந்தது. புதுக் கன்வஸின் விளிம்பு. பழைய பட்டி பல பேரின் இடுப்பில் கிடந்து மெத்தென்று ஆகியிருந்தது. என்னுடையதோ புதிது. உள்பக்கம் ஃபிளனல் வைத்து விளிம்பை மடித்துத் தைத்திருக்க வேண்டும். அவசரத்தில் அது என் புத்தியில் வரவில்லை. அதோடு இரண்டரை மணி நேரம் ஆடியிருக்கிறார், முகத்தில் காட்டவேயில்லை.

அண்ணாவியாரிடம் அந்த உடுப்பையும், பட்டி உக்கிய இன்னும் இரண்டையும் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அவர்கள் ஊர். கோயில் சடங்கு முடிய அங்கே இதே கூத்தை வட்டக்களரியில் விடியும்வரை ஆடப்போகிறார்களாம். கூலி பேசவில்லை. "நீங்களே கொண்டு வாங்க தம்பி, வந்து இருந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

இரண்டு உடுப்புக்கு ஃபிளனல் வைத்துவிட்டேன். மூன்றாவது மேசையில் இருக்கிறது, அதில் 14 கண்ணாடி விழுந்திருக்கிறது, எல்லாம் முதுகுப் பக்கம். வெட்டி ஒட்ட வேண்டும். மகள் பாய் எடுத்து வைத்துவிட்டாள். மட்டக்களப்பு இரவு பஸ்ஸுக்கு மூன்று சீட் சொல்லியிருக்கிறேன். ஒன்று அம்மாவுக்கு.